நாற்பது சீட்டு

தெற்கே ஒரு பல்கலைக்கழகம். அங்கே கணிதத்துறையில் வருஷா வருஷம் நிகழ்தகவு ஆய்வுக்கென்று ஒரு பயிலரங்கு நடக்கும். நடத்துகிறவர் பேராசிரியர் வேதமுத்து.

அதில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள், வெளிநாட்டு விருந்தினர் முன்னால் ஒரே ஒரு ஆய்வு மாணவர் பேசலாம். யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். நிகழ்தகவுக்காரர்கள் இல்லையா, தேர்வுக் குழுவெல்லாம் வைக்க மாட்டார்கள்.

வேதமுத்துவின் மாணவன் இசக்கியப்பன். ஆய்வேடு முடித்தாயிற்று, வேலைதான் அமையவில்லை. பேச்சு பிடித்துப்போனால் விருந்தினர் தன் குழுவில் சேர்த்துக்கொள்வார். அந்த ஒரு மணி நேரத்துக்காக மூன்று வருஷமாகக் காத்திருக்கிறான்.

பயிலரங்குக்கு முந்தின வாரம் ஆசிரியர் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான்.

"சார், சீட்டு சுத்தமா?"

"ஏன்ப்பா?"

"போன வருஷம் செண்பகவல்லி. அதுக்கு முந்தின வருஷமும் அவங்கதான். நாற்பது பேர்ல அவங்க பேரே ரெண்டு தடவை. ஆயிரத்து அறுநூறுல ஒண்ணு சார்."

"போன வருஷம் அரங்கு போர்டுல எழுதினியே, அந்தக் கணக்கா?"

"எல்லாரும் சிரிச்சாங்களே சார்."

"யார் மேல சந்தேகம்?"

"பேர் எழுதற ஆபீஸ் அண்ணாச்சி மேல. குலுக்கறவங்க மேல." கொஞ்சம் இழுத்தான். "உங்க மேலயும்தான்."

வேதமுத்து அலமாரியைத் திறந்து, சீட்டுப் போடுகிற பிஸ்கட் டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இந்த வருஷம் எல்லாம் நீயே பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டான். ஒரே மாதிரித் தாளை ஸ்கேல் வைத்து வெட்டினான். அவனே பேர் எழுதினான், அவனே மடித்தான். சாப்பிடும்போதுகூட டப்பா மடியில்தான்.

"அங்கன வையுங்க தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ஆபீஸ் அண்ணாச்சி.

"வேண்டாம்."

"அப்போ பிள்ளைக்கும் ஒரு இலை போடச் சொல்லவா?"

அரங்கில் குலுக்கினான். வேறு யாரையும் எடுக்கச் சொல்ல மனசு வரவில்லை. தானே கையை விட்டான். பிரித்தவன் வாசிக்காமல் நின்றான்.

முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து வந்து சீட்டை வாங்கிப் படித்தார்.

"இசக்கியப்பன்."

"அடேங்கப்பா! சீட்டுக்கு வீடு தெரிஞ்சிருக்கே!" என்றது ஒரு குரல்.

அரங்கே சிரித்தது. செண்பகவல்லி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் நின்ற ஆசிரியரிடம் ஓடினான்.

"சார், நான் ஒண்ணுமே செய்யல. சத்தியமா."

"தெரியும்."

"யாரும் நம்பல சார். விருந்தினர்கூட பக்கத்துல இருந்தவர்கிட்ட என்னவோ கேட்டுட்டு என்னைப் பாக்கறார். நான் எப்படிப் பேசுவேன்? நீங்க மேடையேறி ஒரு வார்த்தை சொல்லுங்க."

"போன வருஷம் சொன்னேன்."

"யாருக்கு?"

"செண்பகவல்லிக்கு. இதே இடத்துல நின்னுதான் கேட்டா. மேடையேறிச் சொன்னேன்."

இசக்கியப்பன் அரங்கின் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லிக்கிட்டு இருக்கும்போதே" என்றார் வேதமுத்து, "எனக்குப் பின்னால, போர்டுல, சாக்பீஸ் சத்தம் கேட்டுச்சு."