ஒதுக்கி வைத்த பெயர்கள்

அன்று கோயில் பீடத்துக்குப் பின்னால், பூசை உடைகள் வைக்கும் திருவுடை அறையில் ஐந்து பேர் இருந்தனர். பங்குத்தந்தை தஸ்நேவிஸ் சாமி; அவரிடம் சனிக்கிழமைதோறும் மறைநூல் பாடம் கேட்கும் உபதேசியார் சந்தியாகு; பங்குப் பேரவையின் துணைத் தலைவரும் அரிசி ஆலை உரிமையாளருமான மிக்கேல் நாயகம்; மெழுகுதிரி ஏற்றுவது முதல் மணி அடிப்பது வரை அனைத்தையும் கவனிக்கும் கோயில்பிள்ளை வியாகுலம்; இவர்களோடு, யாரும் அழைக்காமல் உள்ளே வந்து நின்ற ஆப்பக்கடை சலேத்தம்மாள்.

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். தபால் நிலையப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே சந்தியாகு பாடம் கேட்கத் தொடங்கியிருந்தார். மனைவியை இழந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை.

இறந்தோரின் மாதமாகிய நவம்பரில் அந்தச் சிற்றூர்ப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தோரின் பெயரைச் சீட்டில் எழுதிப் பீடத்தருகே உள்ள தட்டில் இடும். ஞாயிறுதோறும் இரண்டு பூசைகளுக்கும் முன் உபதேசியார் அத்தனை பெயரையும் ஒலிபெருக்கியில் வாசிப்பார். சபை முழங்காலில் நின்று கேட்கும். தன் வீட்டுப் பெயர் ஒலிக்கும் நொடியில் அந்த வீட்டார் நெற்றியில் சிலுவை இட்டுக்கொள்வர். முடிவில் சபை முழுவதும் ஒரே குரலில் அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியை, முடிவில்லாத அமைதியை, கேட்டு வேண்டிக்கொள்ளும்.

முதல் பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. அதில் ஒரு பெயர் ஒலிக்கவில்லை.

"எம் மவன் பேரு எங்க, உபதேசியாரே?" சலேத்தம்மாளின் முக்காடு கழுத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. "இந்தா வரும், இந்தா வரும்னு முழங்கால் தேய நிக்கேன். நீரு தட்டக் கவுத்திட்டுப் போயிட்டீரு."

"பூசை முடிஞ்சு போச்சு. வீட்டுக்குப் போங்க."

"போன வாரமும் இதே கதைதான். கண்ணு மங்கிப்போச்சோன்னு நெனச்சு இந்த வாரம் கொட்ட எழுத்துல எழுதிப் போட்டேன்."

"தேர்தல் சுவரொட்டி கணக்கா இருந்துச்சு" என்றார் வியாகுலம். "நானே பாத்தேன்."

சந்தியாகு அவரை முறைத்தார். பிறகு சலேத்தம்மாளை நேராகப் பார்த்தார்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுதான் விட்டேன்."

சலேத்தம்மாளின் மகன் பவுல்ராஜ் மின்விளக்குக் கட்டுகிறவன். இரண்டு திருவிழாவுக்கு முன் கோபுரத்தில் விளக்குக் கட்ட வந்தவன், மாதா சுரூபத்தின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனான். பேருந்து நிலையத்திலேயே பிடிபட்டான். சங்கிலி மீண்டது. அவன் மீளவில்லை, சிறையில் மஞ்சள் காமாலை கண்டு இறந்தான். அவனை அடக்கம் செய்த அன்று மண் போட வந்தவர்கள், சாமியையும் வியாகுலத்தையும் சேர்த்தும், ஒரு கைவிரல்களுக்குள் அடங்கினர்.

"நான்தான் உபதேசியார்ட்ட சொன்னேன்" என்றார் மிக்கேல் நாயகம். தோளில் இருந்த அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "எங்க அப்பா பேரு வாசிக்கிற வாயால அந்தப் பேரையும் வாசிக்கவா? மாதா கழுத்துல கை வச்ச பய."

"மாதா கழுத்துல சங்கிலியப் போட்டது யாரு, மொதலாளி? மாதா கேட்டாளா?" என்றாள் சலேத்தம்மாள்.

"நேர்ச்சை போட்டேன். ஒனக்கு என்ன?"

"பதக்கத்துல உங்க பேரையில்லா வெட்டிப் போட்டீக. மாதா உங்க பேரத் தொங்கவிட்டுக்கிட்டு நின்னா. எம் மவன் செஞ்சது தப்புத்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தச் சங்கிலி இல்லாம நின்ன நாள்லதான் அவ மாதாவாத் தெரிஞ்சா."

வியாகுலம் சிரிப்பை அடக்க மெழுகுதிரிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"கேட்டீங்களா சாமி, பேசுத பேச்ச!" மிக்கேல் நாயகத்தின் குரல் உயர்ந்தது. "பெத்த லட்சணம்தான் அவன்ட்ட இருந்துச்சு."

"ஆண்டவருக்குப் பக்கத்துல சிலுவையில தொங்குனவனும் கள்ளன்தான்" என்றாள் சலேத்தம்மாள்.

"அவன் மன்னிப்புக் கேட்டான்" என்றார் சந்தியாகு. "ஒங்க மவன் கேட்டானா?"

"கேட்டானா இல்லையான்னு செயில் சுவத்தப் போயிக் கேளும். என்னைய உள்ள விட்டாதான எனக்குத் தெரியும்?"

தஸ்நேவிஸ் சாமி பூசை மேலங்கியைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டுச் சலேத்தம்மாளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நீங்களே சொல்லுங்க சாமி" என்றாள். "ரெண்டாம் பூசையிலயும் அந்தப் பேரு வரலன்னா இனிமே இந்தக் கோயில் படிய மிதிக்க மாட்டேன். செத்தவனுக்கு ஒரு ஜெபம் கெடையாதுன்னா, உசுரோட இருக்கிற எனக்கு மட்டும் இங்க என்ன வேல?"

"அந்தப் பேரை வாசிக்கச் சொன்னீங்கன்னா, இனிமே இந்தத் தட்டை நான் தொட மாட்டேன்" என்றார் சந்தியாகு.

தட்டைக் கோபத்தோடு மேசைமேல் தள்ளினார்.  அந்த இடத்தின் புனிதத்தைத் தான் ஒருவரே காத்து நிற்பதாக அவருக்குத் தோன்றியது. சிறுவயது முதல் பீடத்துக்கு முதுகு காட்டி நடந்தறியாதவர் அவர். அந்தப் பீடத்திலேயே கைவைத்தவனுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே தட்டு என்றால் பிறகு எதற்குத்தான் எல்லை உண்டு?

"சாமி, ஒண்ணு மட்டும் கேக்கேன்" என்றார். "தகுதி இல்லாதவன் பேரை இந்தப் பீடத்துல வாசிக்கலாமா?"

சாமி தட்டைப் பார்த்தார்.

"சரி, எடுத்திரலாம்" என்றார்.

சலேத்தம்மாள் நிமிர்ந்தாள்.

"ஆனா ஒருத்தனை மட்டும் எடுத்தா அது தராசு ஆகாது. எல்லாச் சீட்டையும் பாத்திருவோம். தகுதி உள்ளவங்க வலது பக்கம், இல்லாதவங்க இடது பக்கம். மொதலாளிக்கு இந்த ஊர்ல தெரியாத குடும்பம் இல்ல. அவரே பிரிக்கட்டும். உபதேசியாரே, நீங்க கூட இருந்து பாருங்க."

தட்டை மேசைமேல் கவிழ்த்தார்.

மிக்கேல் நாயகத்துக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பவுல்ராஜின் சீட்டை விரல் நுனியால் எடுத்து இடது பக்கம் எறிந்தார். அடுத்ததைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"தொம்மையப்பன். பால்காரன்."

"பாலுல தண்ணி ஊத்துவாரு" என்றார் வியாகுலம்.

"தண்ணியில பால் ஊத்துவான்னு சொல்லும்." இடது பக்கம். "சவரியாயி. மருமவளத் தலைப்பிரசவத்துலயே விரட்டிவிட்டவ." இடது பக்கம். "இவரு நம்ம மாசிலாமணி வாத்தியாரு…"

"நல்ல மனுசர்" என்றார் சந்தியாகு.

"பகல்ல நல்ல மனுசர். சாயங்காலம் கீழத்தெருவுல இன்னொரு வீட்டுல காப்பி குடிப்பாரு. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் அவரு மூக்குதான்." இடது பக்கம்.

அப்படியே போயிற்று. தம்பியின் வயல் வரப்பை நகர்த்தியவர். கோள் சொல்லி இரு வீட்டைப் பிரித்தவள். கோயிலுக்கு வந்து கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று பீடி பிடித்தவர். மிக்கேல் நாயகம் ஊரின் கல்லறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார்.  சொன்னவற்றில் பொய் என்று ஒன்றையும் சந்தியாகுவால் காட்ட முடியவில்லை. இடது பக்கக் குவியல் உயர்ந்து மேசை விளிம்பில் சரியத் தொடங்கியது. வலது பக்கத்தில் இரண்டே சீட்டுகள் கிடந்தன. ஒன்று, ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் இறந்த குழந்தை. மற்றொன்று, மடத்தின் பழைய தலைவி சிஸ்டர் பவுலின்.

"அவுக கோவக்காரியில்லா?" என்றார் வியாகுலம்.

"கன்னியாஸ்திரி கோவம் கணக்குல சேராது, ஓய்."

அடுத்த சீட்டில் மிக்கேல் நாயகத்தின் கை ஒரு நொடி நின்றது.

"எங்க அப்பா" என்றார். "தங்கமான மனுசர்."

அந்தத் தங்கமான மனிதரின் ஆலையில் நெல் அளந்து வாங்க ஒரு பெரிய மரக்காலும் அரிசி அளந்து விற்க ஒரு சிறிய மரக்காலும் இருந்ததை அறியாதவர் ஊரில் இல்லை. வியாகுலத்துக்குத் திடீரென இருமல் வந்தது. சீட்டு வலது பக்கம் போயிற்று.  தான் அதைத் தடுக்காததைச் சந்தியாகு கவனித்தார்.

அடுத்த சீட்டை எடுத்த மிக்கேல் நாயகம் அதை வாசிக்கவில்லை. எதிரே நின்ற சந்தியாகுவுக்கு எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. அது அவருடைய கையெழுத்து. பிரகாசி.

அவர் மனைவி பிரகாசி, தங்கள் வீட்டுக் கிணற்றில் இறந்து கிடந்தாள். கால் இடறி விழுந்துவிட்டாள் என்று சந்தியாகு சொன்னார். ஊரும் அப்படியே சொன்னது. அந்தக் கிணற்றுக்கு மார்பளவு உயரத்தில் சுற்றுச்சுவர் உண்டு. தானே உயிரை மாய்த்தவர்களுக்குப் பூசை வைக்காதது பழைய வழக்கம்; தஸ்நேவிஸ் சாமி ஒரு கேள்வியும் கேட்காமல் பாட்டுப் பூசை வைத்து அடக்கம் செய்தார். அன்று பிரகாசியைக் குளிப்பாட்டிய பெண்களுள் சலேத்தம்மாளும் ஒருத்தி. இந்த மாதத்தின் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லி, சபை தனக்குப் பின்னால் அவளுக்காக வேண்டுவதைக் கேட்பதற்காகவே சந்தியாகு வாரத்தின் மற்ற நாள்களைத் தள்ளினார்.

சலேத்தம்மாள் வாயைத் திறந்தாள். சந்தியாகுவின் முதுகு விறைத்தது.

"நல்லவ" என்றாள் சலேத்தம்மாள். அவ்வளவுதான்.

"ஆமா, ஆமா. நல்ல பொம்பள" என்றார் மிக்கேல் நாயகம் அவசரமாக. சீட்டை வலது பக்கம் வைத்தார். மீதியிருந்தவற்றை வாசித்துப் பாராமலே இடது பக்கம் தள்ளிவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டார். "முடிஞ்சுது, சாமி. கோயில் இப்பத்தான் சுத்தமாச்சு."

"எனக்கு நீதி இதுதானா, சாமி?" என்றாள் சலேத்தம்மாள். "ஒருத்தனை விட்டதுக்கு வந்து கேட்டேன். இப்ப ஊரையே விட்டாச்சு. பிள்ளையையும் கன்னியாஸ்திரியையும் வாசிக்க எதுக்கு ஒரு மைக்கு?"

"அதுதாம்மா நானும் யோசிக்கேன்" என்றார் சாமி.

வலது பக்கத்துச் சீட்டுகளை எடுத்து அடுக்கினார். மேசை இழுப்பறையைத் திறந்து அவற்றை உள்ளே வைத்தார். பிறகு இடது பக்கக் குவியலை இரு கைகளாலும் வாரித் தட்டில் போட்டார். பவுல்ராஜின் சீட்டு எங்கே என்று தேடி எடுத்து மேலே வைத்தார். தட்டைச் சந்தியாகுவிடம் நீட்டினார்.

"இதை வாசிங்க."

"சாமி, இது தகுதி இல்லாதவங்க."

"ஆமா."

"தகுதி உள்ளவங்க சீட்டு உள்ள இருக்கே!"

"அவங்களுக்கு நம்ம ஜெபம் எதுக்கு, உபதேசியாரே? மோட்சத்துல இருக்கிறவங்களுக்காக நாம வேண்டுறதில்ல. அவங்கதான் நமக்காக வேண்டணும்."

 முதலில் விழித்துக்கொண்டவர் மிக்கேல் நாயகம்.

"சாமி! எங்க அப்பா சீட்டு உள்ளயில்லா போச்சு!"

"நீங்கதான வச்சீங்க."

"வருசா வருசம் வாசிக்கிற பேரு சாமி அது. எங்க வீட்டுல எல்லாரும் ரெண்டாம் பூசைக்கு வந்து உக்காந்திருக்காவ. பேரு வரலன்னா என்ன நெனப்பாவ?"

"மோட்சத்துல இருக்காருன்னு நெனப்பாங்க."

"இல்ல, இருந்தாலும்… ஒரு ஜெபம்…"

"வேணும்னா தட்டுக்கு மாத்துங்க. இழுப்பறை தொறந்துதான் இருக்கு. நான் மாத்த மாட்டேன். வச்ச கையே மாத்தட்டும்."

மிக்கேல் நாயகம் இழுப்பறையைப் பார்த்தார். வியாகுலத்தைப் பார்த்தார். வியாகுலம் இருமவில்லை. சலேத்தம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு இட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவே இல்லை. அவருடைய வலக்கை சற்று எழுந்து, அங்கவஸ்திரத்தைத் தடவி, மீண்டும் இறங்கியது.

"மணி அடிக்கணும், சாமி" என்றார் வியாகுலம் மெல்ல.

"அடியும்."

வியாகுலம் கயிற்றைப் பிடித்தார். வெளியே இரண்டாம் பூசைக்கான கூட்டம் எழுந்து முழங்காலிடும் ஓசை கேட்டது. சந்தியாகு தட்டை ஏந்தியபடி நின்றார். அவருடைய கோபம் முழுவதும் இன்னும் நெஞ்சிலேயே இருந்தது. அதை யார்மேல் வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

"சாமி" என்றார்.  "பிரகாசி…"

"சொல்லுங்க."

"அவளுக்கு இன்னைக்கு ஜெபம் கெடையாதா?"

தஸ்நேவிஸ் சாமி ஆணியிலிருந்து மேலங்கியை எடுத்தார்.

"அந்த அம்மாவுக்கு நம்ம ஜெபம் வேணுமா வேண்டாமான்னு நான் அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்க மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

சந்தியாகு தட்டை மேசைமேல் வைத்தார். இழுப்பறைக்குள் கைவிட்டுத் தம் கையெழுத்தில் இருந்த சீட்டை எடுத்தார். அதைப் பவுல்ராஜின் சீட்டின்மேல் வைத்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு பீடத்தை நோக்கி வெளியே நடந்தார்.