உச்சிக்கொடையில் விழுந்த ஆமா

சத்தியம். சாமி சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால், வாயில் மிச்சமிருக்கிற என் பல்லெல்லாம் நீங்கள் பார்க்கப் பார்க்க உதிரட்டும். சிரிக்காதீர்கள். போன தடவை உதிர்ந்தது வேறு கதைக்கு.

சொரிமுத்து தன் ஆசானிடம் கேட்டான்.

"அண்ணாவி, ஆமா போட்டுப் போட்டே எனக்கு வாய் தேஞ்சு போச்சு. பாட்டு எப்ப தருவீய?"

"ஆமா" என்றாள் உலகம்மாள்.

வில்லுப்பாட்டில் முன்னால் உட்கார்ந்து கதை பாடுகிறவரை அண்ணாவி என்பார்கள். அண்ணாவி ஒரு வரி பாடி நிறுத்தினால், பக்கத்தில் குடம் அடிக்கிறவன் 'ஆமா' போட வேண்டும். போட்டால்தான் கதை அடுத்த அடி எடுத்து வைக்கும். உலகம்மாள் அண்ணாவி. அவளைவிட வயதில் மூத்த சொரிமுத்து, குடம்.

அவள் குரலைப் பற்றிச் சொல்லவில்லையே! மணல் லாரிகளை மறித்து ஒருநாள் ஆற்றங்கரையில் பாடினாள். நின்ற லாரிக்கெல்லாம் டயரில் காற்று தானாக இறங்கியது. ஆணி கிடந்தது என்பார்கள். நான் ஆணியைப் பார்க்கவில்லை.

கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிற டெம்போவின் பின்னால், வில்லுக்கும் மற்றச் சாமான்களுக்கும் நடுவே இருவரும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் இதுக்கா வந்தேன்? என் தம்பி செத்த கதையைப் பாடணும்னுல்லா உங்ககிட்ட வந்தேன்."

"ஆமா."

"கல் குவாரியில சங்கு ஊதாம வெடி வெச்சானுவ."

"ஆமா."

"ஆவுடை கீழ நிக்கான். மேல நின்னவன் ஒருத்தன்கூட ஒரு சத்தம் குடுக்கல."

"ஆமா."

"குடிச்சிட்டு விழுந்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டானுவ. சோடா குடிச்சாலே விக்குற பய அவன்!"

"ஆமா."

"இதை அந்த ஊர்லயே, அந்த முதலாளி மூஞ்சிக்கு முன்னாலயே படிக்கணும்."

"ஆமா."

சொரிமுத்து சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"கதை நல்லா வருது அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள். "இன்னைக்கு உச்சிக்கொடை அந்த ஊர்லதான்."

அவன் மடியில் இருந்த குடம் தானாகக் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ரோடு நல்ல ரோடுதான்.

ஊர் எல்லையிலேயே கொம்பையா நின்றான். முதலாளியின் ஆள். கையில் இரும்புக் கம்பி. அந்த ஊரில் நாய்கூட அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குரைக்கும்.

போன கொடையில் பாட வந்தவர், கதைக்கு நடுவே சும்மா ஒரு வரி குவாரியைத் தொட்டார். இப்போது அவருக்கு வலது கை விரல்கள் மடங்காது.

கொம்பையா டெம்போவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"சாமி கதை மட்டும் படிங்க. வேற கதை வந்துச்சுன்னா... குவாரிக் குளம் எவ்வளவு ஆழம்னு தெரியும்லா?"

"தெரியாதே" என்றாள் உலகம்மாள்.

"எங்களுக்கும் தெரியாது. உள்ள போனவன் எவனும் வந்து சொல்லல."

சிரித்தான். கூட யாரும் சிரிக்கவில்லை.

உச்சி வெயிலில் நடக்கிறதுதான் உச்சிக்கொடை. பந்தலுக்கு வெளியே மண் கொதித்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு முதலாளி. நாற்காலிக்குப் பின்னால் கொம்பையா. அதற்குப் பின்னால் ஊர். பிள்ளைகள்கூட அழாமல் உட்கார்ந்திருந்தன.

உலகம்மாள் காப்புப் பாடி முடித்தாள். பிறகு எழுந்து, வில்லை அடிக்கிற வீசுகோலைச் சொரிமுத்துவிடம் நீட்டினாள்.

"இடம் மாறி உக்காரும்."

"இன்னைக்கா?"

"கதை உம்மதுதானே. நான் குடம்."

அவன் வீசுகோலை வாங்கினான்.  

"அண்ணாவி, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்."

"உங்களுக்குமா? அப்ப இங்க யாருக்குத்தான் பயம் இல்ல?"

அவள் முகவாயால் கொம்பையாவைக் காட்டினாள்.

"அந்தக் கம்பியை அவன் என்ன இறுக்கு இறுக்கிப் பிடிச்சிருக்கான், பாத்தீரா?"

இடம் மாறியதைக் கொம்பையா கவனித்துவிட்டான். மேடையோரம் வந்து குனிந்தான். உலகம்மாளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். எல்லாருக்கும் கேட்டது.

"ஒரு ஆமா வந்துச்சுன்னா, அந்த நாக்கு உன்னது இல்ல."

உலகம்மாள் தலையாட்டினாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அவன் திரும்பிப் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

சொரிமுத்து கண்ணை மூடினான். வீசுகோல் வில்லில் விழுந்தது.

"சங்கு ஊதாம வெடி வெச்சாங்க - என்
தம்பி ஆவுடை கீழ நிக்கையிலே..."

வரி நின்றது.

ஆமா வரவில்லை.

உலகம்மாள் குடத்தின் வாயில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். காகம் கரையவில்லை. முதலாளி கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். சொரிமுத்துவுக்கு நெற்றி வியர்வை மூடிய இமையில் இறங்கியது. 

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாய் மடியில் தூங்கிக்கொண்டே வில்லுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு வரி பாதியில் நின்றால் எங்களுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். விக்கல் வருகிறவனுக்குத் தண்ணீர் தேடுகிற மாதிரி அந்த ஆமாவைத் தேடுவோம்.

அன்றைக்கும் அந்த வரி அப்படியே வெயிலில் தொங்கியது. சங்கு ஊதாதது அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அன்று குவாரியில் நின்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். கொம்பையாவும் நின்றவன்தான்.

உலகம்மாள் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். நேரே கொம்பையாவைப் பார்த்தாள். குடக்காரனுக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி, புருவத்தை லேசாக உயர்த்தினாள். அவ்வளவுதான்.

"ஆமா."

அவள் உதடு மூடியபடியேதான் இருந்தது.

சத்தம் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது. கம்பியைப் பிடித்த கை அசையவில்லை. கொம்பையாவின் வாய் மட்டும் திறந்தபடி நின்றது. வெளியே போன சொல்லைத் திரும்ப உள்ளே இழுக்கப் பார்க்கிறவன் மாதிரி.

"எவம்ல அது?"

முதலாளி எழுந்துவிட்டார். கூட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார்.

ஊரே பார்த்திருந்தது. ஆனால் ஒரு விரல் எழும்பவில்லை. ஒரு கண்கூட கொம்பையா பக்கம் திரும்பவில்லை.

"ஏல கொம்பையா, உன் பக்கத்துல இருந்துதான வந்துச்சு. எவன்னு சொல்லு."

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை ஊர் முழுக்க உட்கார்ந்திருந்த பயமெல்லாம் எழுந்து ஓடி, அந்த ஒரு முகத்தில் ஏறிக்கொண்டது. 

"எல்லாரும்தான் சொன்னாவ, முதலாளி."

சொரிமுத்து கண்ணைத் திறந்தான். உலகம்மாளைப் பார்த்தான். அவள் குடத்தின் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

வீசுகோல் இந்தத் தடவை ஓங்கி விழுந்தது.

"சொட்டுக்கூடத் தொடாத பிள்ளை - அவனைக்
குடிகாரன்னு சொல்லிப் புதைச்சாங்களே..."

வரி நின்றது.

"ஆமா!"

ஊரே சேர்ந்து போட்ட அந்த ஒரு ஆமாவில், குவாரி வெடிக்குக்கூட அசையாமல் பழகிப்போன காக்கைகள் அத்தனையும் மரத்தை விட்டு எழும்பின. அந்த உச்சி நேரத்திலும் கொஞ்ச நேரம் வெயில் தெரியவில்லை. சத்தியம்.

குவாரி இன்னும் அங்கேதான் இருக்கிறது. குளமும் இருக்கிறது. அதனால் ஒரு உதவி. இதை உங்களுக்கு யார் சொன்னது என்று எவனாவது வந்து கேட்டால், என் பேரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

எல்லாரும்தான் சொன்னார்கள் என்று சொல்லிவிடுங்கள்.