பின்னாடி போட்டுக்கலாம்

இந்தக் கதையில் கெட்டவன் என்று ஒருவனும் இல்லை. கடைசியில் கேட்கும் கேள்விக்கு விடை சொல்வது அதனால்தான் கஷ்டம். அவசரப்பட்டு யாரையும் திட்டாமல் கேளுங்கள்.

அன்னூரில் விசைத்தறிக்கூடம் வைத்திருந்தவர் நாச்சிமுத்து. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. அதை ஓட்டியவன் மாரப்பன். ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்துவின் மனைவி தமயந்தி கோத்தகிரிக்கு, தங்கை மகளின் வளைகாப்புக்குப் போக வேண்டும். மலைப்பாதை, ஐப்பசி மழை வேறு. அதற்குள் டயர் மாற்றிவிடச் சொல்லியிருந்தார் நாச்சிமுத்து.

வெள்ளிக்கிழமை மாரப்பன் அபுதாகிரின் டயர் கடைக்குப் போய், ஞாயிறு மலையேற வேண்டும் என்றான். அபுதாகிர் குனிந்து நான்கு சக்கரங்களையும் தடவிப் பார்த்தார். முன்னிரண்டும் பாதி தேய்ந்திருந்தன. பின்னிரண்டும் சுத்த மொட்டை. நான்கையும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் அவ்வளவு பெரிய வண்டியின் அளவுக்குக் கடையில் இரண்டே டயர்தான் இருந்தன. மற்றவை செவ்வாய்க்கிழமை வரும்.

மாரப்பன் முதலாளிக்குப் போன் போட்டு விவரம் சொன்னான். அந்தப் பக்கம் தறிச் சத்தம் காதைப் பிளந்தது.

"பின்னாடி போட்டுக்கலாம்" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டார் நாச்சிமுத்து.

இருக்கிற இரண்டைப் பின் சக்கரங்களில் போடு என்று அவர் சொன்னார். நான்கும் வரட்டும், பிற்பாடு போடலாம் என்று இவன் கேட்டுக்கொண்டான். இரண்டுக்கும் நம் வாயில் ஒரே சொல்தான். யாரை நொந்துகொள்வது?

"மொதலாளி அப்பறமா மாத்திக்கலாங்கறாருங்க பாய். செவ்வாக்கெழம வர்றனுங்க."

"இந்த டயரோட மலையேறாதப்பா. இருக்கற ரெண்டையாச்சும் மாட்டிட்டுப் போ."

"அவரு சொன்னாச் சொன்னதுதானுங்க."

அடுத்த வண்டி காத்திருந்தது. அபுதாகிர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஞாயிறு காலையில் வாசலில் வண்டி நின்றது. நாச்சிமுத்து கேட்டார்: "டயர் கடைக்குப் போனியா மாரப்பா?"

"போய்ட்டு வந்தனுங்க."

"நாஞ் சொன்ன மாதிரிதான?"

"நீங்க சொன்ன மாதிரியேதானுங்க."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வளைகாப்பு முடிந்து மதியம் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் லேசாக வழுக்கியது. ஓரங்கட்டி நிறுத்தி, மழை விட்ட பிறகு போகலாமா என்று மாரப்பன் நினைத்தான். முதலாளியம்மாவிடம் என்ன காரணம் சொல்வது? டயரைச் சொன்னால் முதலாளியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"என்னப்பா?" என்றார் பின்சீட்டிலிருந்த தமயந்தி.

"ஒண்ணுமில்லீங்கம்மா."

அதிலிருந்து மூன்றாவது வளைவில் பின்சக்கரங்கள் பிடி விட்டன. வண்டி சுழன்று தடுப்பை உடைத்துக்கொண்டு போனது. மாரப்பன் கை முறிந்து பிழைத்தான். தமயந்தி பிழைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மூன்று ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"பின் சக்கரம்னு தெளிவாச் சொல்லியிருக்கோணும். நாந்தான் கொன்னுபோட்டேன்" என்றார் நாச்சிமுத்து.

"மொட்டை டயர்னு தெரிஞ்சும் அனுப்பினேனே. சாவியப் புடுங்கி வெச்சிருக்கணும்" என்றார் அபுதாகிர்.

"நானுங்க..." என்று ஆரம்பித்தான் மாரப்பன். நாச்சிமுத்து அவனுடைய முறியாத கையைப் பிடித்துக்கொண்டார். "உம்மேல தப்பில்லடா. அழுவாத."

மூவரும் பழியைத் தமக்கே கேட்கிறார்கள். ஒருவருக்குத்தான் கொடுக்கலாம் என்றால், நீங்கள் யாருக்குக் கொடுப்பீர்கள்?

விடை: மாரப்பனுக்கு. வாய் சொன்னதும் காது கேட்டதும் வேறாகிப்போனது யார் குற்றமும் இல்லை. அபுதாகிர் ஒரு தடவையாவது எச்சரித்தார். ஆனால் வண்டி முதலில் வழுக்கியபோது, வண்டிக்குள் டயர் மொட்டை என்று தெரிந்த ஒரே ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். கேட்டவரிடம் ஒன்றுமில்லை என்றான். மாரப்பனுக்கு இந்த விடை தெரியும். போலீசிடம் மழைதான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் நாச்சிமுத்து. கை கூடியதும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அம்மா கேட்டார், நான் மறைத்தேன் என்று அவரிடம் சொல்ல இன்னமும் மாரப்பனுக்கு வாய் வரவில்லை.