கூடாத கூடம்

மருதஞ்சேரி நாட்டைக் கண்டராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்த காலம் அது. நல்லவன்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஒரு கோபம் என்று பொழுதை ஓட்டுகிறவன். ஒரு நாள் அவனுக்கு, "என் ஊர் மக்கள் ஒன்றாகக் கூடிச் சிரித்துப் பேச ஒரு கூடம் கட்டினால் என்ன?" என்று தோன்றியது. இளைய மந்திரி நப்பின்னைக்கு அந்தப் பொறுப்பு போய்விடுமோ என்ற எரிச்சலில், கட்டடங்களை மேற்பார்க்கும் தாண்டவராயர் முந்திக்கொண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

கூடம் எழும்பியது. முகம் பார்க்கலாம் போலத் தரை, யானை உயரத்துக்குத் தூண்கள். வாசல் அரண்மனையைப் பார்த்திருந்தது. சந்தைத் தெருப் பக்கம் வெறும் சுவர். திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம்தான் கூட்டம். அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அரசனுக்கு மூக்கு சிவந்தது. "எங்கேதான் போய்த் தொலைகிறார்கள் இந்த ஜனங்கள்?"

"சந்தைக் கிணற்றடிக்கு, மகாராஜா!" என்றார் தாண்டவராயர். "எந்தத் தெருக்காரர் என்ற வித்தியாசமே இல்லாமல் அங்கே குந்திக்கொண்டு ஊர்வம்பு பேசுகிறார்கள். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டால், வேறு போக்கிடம் இல்லாமல் நம் கூடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்?"

"நல்ல யோசனை! நாளைக்கே ஆரம்பியும்."

நப்பின்னைக்குச் சுருக்கென்றது. எல்லாத் தெருக்காரரும் ஒரே கயிற்றைப் பிடித்து நீர் இறைக்கிற இடம் அந்த ஊரில் அது ஒன்றுதான். அதையும் அடைத்துவிட்டால்? அவள் எழுந்தாள்.

"பிரபு, பாதி வழக்குகள் அந்தக் கிணற்றடியிலேயே தீர்ந்துவிடுகின்றன. மிச்சம் மட்டும்தான் இங்கே வருகிறது. சுவர் எழுப்பினால் எல்லாச் சண்டையும் உங்கள் தலையில்தான் விடியும்."

"அம்மணிக்கு எதிர்த்துப் பேசாவிட்டால் சோறு இறங்காது" என்றார் தாண்டவராயர்.

"நீங்கள் கட்டிய இடத்தில் பேசவே வழியில்லையே ஐயா, அதனால்தான் இங்கே பேசுகிறேன்" என்றவள், அரசனிடம் திரும்பினாள். "ஒரே ஒரு வேண்டுகோள். நாளை உச்சி வெயிலில் நீங்கள் மாறுவேடத்தில் அந்தக் கூடத்துக்குப் போங்கள். வெயில் சாயும்வரை அங்கே இருந்துவிட்டால், கிணற்றடிச் சுவருக்கு முதல் கல்லை நானே வைக்கிறேன்."

மாறுவேடம் என்றால் கண்டராயனுக்கு உயிர். "இதென்ன பெரிய காரியம்!" என்று துள்ளினான்.

மறுநாள் அழுக்கு வேட்டியும் தலைப்பாகையுமாக அரசன் கூடத்துக்குள் நுழைந்தான். நப்பின்னை ஒரு தூணுக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். படியேறி வந்த களைப்பில் அவன் உட்காரப் போனான்.

"யோவ்!" என்றான் காவலாளி. "தூணில் எழுத்து வெட்டியிருப்பது தெரியவில்லையா? உட்காரக் கூடாது."

சரியென்று தூணில் சாய்ந்தான்.

"சாயக் கூடாது."

"என்னப்பா இது அநியாயம்?"

"பேசக் கூடாது."

அரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவலாளி அடுத்த தூணைக் காட்டினான். சிரிக்கவும் கூடாதாம்! நின்று நின்று கால் கடுத்தது, நாக்கு வறண்டது. "கொஞ்சம் தண்ணியாவது..." என்று வாயெடுத்தவன், காவலாளியின் கை இன்னொரு தூண் பக்கம் போவதைக் கண்டதும் விட்டான் ஓட்டம்.

எங்கே? கூடத்தைச் சுற்றிக்கொண்டு நேரே கிணற்றடிக்கு!

"யாருய்யா இது, மூஞ்சி செக்கச் செவேல்னு கெடக்கு? ஏய், நகர்ந்து உக்காருங்கடி" என்று ஒரு பெண் அதட்டி இடம் பிடித்துக் கொடுத்தாள். பெயர் வெள்ளச்சி. ஒரு செம்பு தண்ணீரும் வந்தது.

"அந்தப் பெரிய கூடத்துக்குப் போனேன் தாயீ..."

"அதுக்குள்ளயா போனே? அங்க வௌவால்கூட அண்டாதே! தொங்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கும்னு அதுக்கே பயம்!"

கிணற்றடியே குலுங்கியது. அரசனுக்குப் புரையேறியது. அப்புறம் ஒருவன் தன் மாடு காணாமல் போன கதையை எடுத்தான், இன்னொருத்தி மாமியாரைப் போலவே நடித்துக் காட்டினாள். வெயில் சாய்ந்ததே அரசனுக்குத் தெரியவில்லை.

"பிரபு, கூடத்தில் அல்லவா இருப்பதாகச் சொன்னீர்கள்?" பின்னாலிருந்து நப்பின்னையின் குரல்.

"பிரபுவா!" என்று வெள்ளச்சி பதறி எழுந்தாள். "உக்காரு தாயீ, உக்காரு" என்று அரசனே அவளை உட்காரவைத்தான்.

மறுநாள் அவையில் தாண்டவராயர் விடவில்லை. "மகாராஜா, அழகைக் காப்பாற்றத்தானே அவ்வளவும் எழுதினேன்? ஜனங்கள் கீழ்ப்படியாததற்கு நான் என்ன செய்வேன்?"

"கீழ்ப்படியவில்லையா?" என்றாள் நப்பின்னை. "ஐயா, தூணுக்குத் தூண் 'கூடாது, கூடாது' என்று வெட்டினீர்கள். ஊரும் அப்படியே கூடாமல் இருந்துவிட்டது. இதைவிட யார் கீழ்ப்படிவார்கள்?"

அரசன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "சரி, என்ன செய்யலாம் சொல்."

"சந்தைப் பக்கச் சுவரை இடித்து அகலமாய் வாசல் வையுங்கள், பிரபு. நடந்து வருகிறவர் கால் தானாக உள்ளே திரும்ப வேண்டும். தூணைச் சுற்றி உட்கார மேடை, குடிக்கத் தண்ணீர். எழுத்துகளுக்கு ஒரு கை சுண்ணாம்பு போதும்."

"எல்லாவற்றையும் அழிக்கவா?"

"வாலை மட்டும்."

ஒவ்வொரு 'கூடாது'விலும் துணைக்காலையும் 'து'வையும் சுண்ணாம்பு வைத்து அடைத்தார்கள். உட்காரக் கூட. பேசக் கூட. சிரிக்கக் கூட. கூடம் எதற்கென்று தூண்களே சொல்ல ஆரம்பித்துவிட்டன! கிணற்றடிக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவர் போய், ஊர் இரண்டிலும் பரந்து உட்கார்ந்தது. கூடத்தின் பொறுப்பு நப்பின்னைக்கு வந்தது. தாண்டவராயருக்கும் ஒரு தீர்ப்பு கிடைத்தது: சந்தை நாள்தோறும் அவர் கூடத்தில் இருக்க வேண்டும், வாயில் 'கூடாது' வந்தால் வாலை விழுங்கிவிட வேண்டும்.

முதல் சந்தை நாளன்றே மேடையில் கால் நீட்டி உட்கார்ந்து வெள்ளச்சி முறுக்கைக் கடித்தாள். தூள் பளபளவென்ற தரையில் சிதறியது. தாண்டவராயருக்குத் தாங்கவில்லை.

"இங்கே முறுக்குத் தின்னக் கூடா..."

பக்கத்து மேடையிலிருந்து அரசன் திரும்பிப் பார்த்தான். நப்பின்னையும் பார்த்தாள்.

"...கூட ஆள் வேண்டாமா தாயீ?" என்றார் தாண்டவராயர். "கொஞ்சம் நகர்ந்து உட்காரு."