நண்டு வாசலில் கொட்டிய ஓடு

குடத்தின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, தண்ணீரை வடித்துக்கொண்டே சொல்கிறேன். கேளுங்கள்.

காட்டுக்குள் ஒரு குளம். அந்தக் குளத்துக்கு நாரைதான் நாட்டாமை. தினமும் நத்தையைக் கொத்தித் தின்னும். தின்றுவிட்டு ஓட்டை எங்கே போடும் தெரியுமா? கரையில் குடியிருந்த நண்டின் வளை வாசலில்!

"ஐயா, நான் பிள்ளைகுட்டிக்காரி. வாசலை அடைக்கிறீங்களே!" என்றது நண்டு.

"குப்பையைக் குப்பை இருக்கிற இடத்துலதானே போடணும்!" என்றது நாரை. கூட இருந்த கொக்குகள் கொக்கரித்துச் சிரித்தன.

குளத்துத் தண்ணீரிலும் ஒரு கெடுதல் இருந்தது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் பாறையிலிருந்து ஏதோ ஒரு உப்பு அதில் இறங்கியிருந்தது. குடித்த குட்டிகளுக்குப் பல் பழுப்பேறும். கால் வளையும். மானின் குட்டி எழுந்து நிற்கவே தடுமாறியது.

ஒரு கோடையில் கரைப் புல் தீப்பிடித்தது. ஓட்டுக் குவியல் வெந்து வெளுத்தது. பக்கத்தில் கிடந்த பழைய எலும்பும் சாம்பலானது. நண்டு இரண்டையும் கொடுக்கால் நொறுக்கிப் பொடியாக்கி, வாசலோரம் மேடாக ஒதுக்கியது. மழை பெய்து பொடி நன்றாக ஊறியது. பிறகு குளத்துத் தண்ணீர் அதன் வழியே கசிந்து வளைக்குள் வந்தது. அதைக் குடித்த நண்டுக் குஞ்சுகள் கோணலாகத்தான் ஓடின, நண்டாச்சே! ஆனால் தள்ளாட்டம் போய்விட்டது.

நண்டு யோசித்தது. மானிடம் ஓடியது.

"அக்கா, உன் குட்டியை என் வாசலுக்குக் கூட்டி வா!"

இரண்டு மாதம் குட்டி அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. ஒருநாள் தானாக எழுந்து நின்றது!

நாரைக்குச் சேதி போனது. பறந்து வந்து இறங்கியது.

"ஓடு என்னுது! இனிமே என்னைக் கேட்காம யாரும் ஒரு சொட்டு குடிக்கக் கூடாது!"

நண்டு கொடுக்கை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தது. "என் வாசல்ல கொட்டினப்ப குப்பை! இன்னைக்கு மட்டும் உங்க சொத்தா? ஓடு உங்களுதுன்னா, உள்ளே இருந்த நத்தையைக் கேட்டா தின்னீங்க?"

"சேத்துல கிடக்கிறவளுக்கு வாயைப் பாரு! ஓட்டைத் தண்ணியில போட்டா சுத்தமாகும், அவ்வளவுதானே! இதுல உன் கைவேலை என்னடி?"

நாரை பொடி மேட்டைக் காலால் எத்திக் கலைத்தது. சுட வேண்டுமா, இடிக்க வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நண்டிடம் கேட்பதா! அன்று தின்ற நத்தை ஓடுகளை, சதை ஒட்டியிருக்க அப்படியே குளத்தில் கொட்டச் சொன்னது. கொக்குகளும் கொட்டின.

நாலாம் நாள் குளம் நாறியது. மீன் செத்து மிதந்தது. மான்குட்டி மறுபடி காலை மடக்கிக்கொண்டு விழுந்தது.

அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசாத மான், நாரையின் முன்னால் போய் நின்றது. "என் பிள்ளை எழுந்து நின்னப்ப எல்லாம் என்னுதுன்னீங்களே! இப்ப விழுந்து கிடக்கே, இதுவும் உங்களுதுதான்! வாங்க, வந்து தூக்குங்க!"

 நாறிய தண்ணீரைக் குடிக்க முடியாமல் நாரைக்கும் தொண்டை காய்ந்திருந்தது.

நாரை எத்தியபோது வளைக்குள் சிதறி மிச்சமிருந்த பொடியில் தண்ணீரை வடித்து, நண்டு முதலில் குட்டிக்குக் கொடுத்தது. பிறகு நாரையைப் பார்த்தது.

"உங்களுக்கும் உண்டு. தண்ணி இல்லேன்னு சொல்ல நான் நாரை இல்லை. ஆனா குளத்துல போட்ட ஓட்டையெல்லாம் உங்க அலகாலேயே எடுங்க. கழுவிக் காய வையுங்க. அப்புறம் வந்து குடிங்க!"

கொக்குகள் பார்த்துக்கொண்டிருக்க, நாரை அந்த நாற்றத் தண்ணீருக்குள் தலையை விட்டது.

அடுத்தவள் வாசலில் குப்பை கொட்டியவனுக்கு, அவள் அதை மருந்தாக்கிய பிறகு உரிமை பேச வாய் கிடையாது. அப்படியும் ஒருவன் பேச வந்தால், நாமும் தலையைக் குனிந்துகொண்டு நிற்காமல் அந்த மான் மாதிரி நேரே போய் – இதோ வரேன் அத்தை, பாப்பா முழிச்சுட்டாளா, இந்தக் குடத்தை மட்டும் மூடி வெச்சுட்டு வந்துடறேன்!