வால் முடிச்சு

ரொம்பக் காலத்துக்கு முன்னே ஆம்பல்நாட்டைச் சித்திரசேனன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பொழுது விடிந்தால் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவான். கரையோரம் கருத்துக் கிடக்கும் ஆழமான மடுவில் பிடித்த விரால்தான் வேண்டும் அவனுக்கு. வேறு எதுவும் தொண்டையில் இறங்காது!

விராலுக்கு இரை உயிருள்ள குஞ்சுமீன். அதைப் பிடித்துத் தருகிறவள் சடைச்சி. மூங்கில் குச்சியால் அவளே பின்னிய பறியை மடுவுக்குப் போகும் ஓடையில் வைப்பாள். வாய் வழியே நுழைந்த மீன் திரும்ப முடியாது, உள்ளே குச்சிமுனைகள் குத்த வரும். பின்னலுக்குள் மறைத்துச் செருகிய வால் முடிச்சை அவிழ்த்து மீனை எடுக்கிற வேலையெல்லாம் ஓடையிலேயே முடிந்துவிடும். அரண்மனைக்குக் குடத்து மீன்தான் போகும்.

"சடைச்சி, இன்னிக்கு எந்தப் பக்கம் தூண்டில் போடலாம்?" என்று ராஜா அவளைத்தான் கேட்பான். பக்கத்தில் குடை பிடித்து நிற்கும் அணுக்கர் வேம்பரசருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் விடியலில் பறியைத் தூக்கினாள். மீன் இல்லை. ஈரமான நீள மயிர்க்கற்றை ஒன்று கிடந்தது. மறுநாள் ஒரு கெண்டையோடு ஒரு மோதிரம். சுற்றிலும் பனிமூட்டம், ஒரு தவளைகூட வாய் திறக்கவில்லை. பறியின் வால் முடிச்சைப் பார்த்தாள். அது அவள் போட்ட முடிச்சே இல்லை. மோதிரத்தையும் பறியையும் எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள்.

மோதிரத்தைக் கண்டதும் ராஜா அலறினான். "ஐயோ, என் தம்பி இளங்கீரன் மோதிரம்! ரெண்டு வருஷம் முன்னே ஏரியில முழுகினப்போ அவன் விரல்ல இருந்ததே!" தம்பியின் உடல் கிடைக்கவே இல்லை.

"இளவரசர் ஆவி பேசுது மகாராஜா," என்றார் வேம்பரசர். "இவ தினம் பறி போட்டு அவர் உறக்கத்தைக் கெடுக்கிறா. இவளையே பலி கேட்கிறார்."

"அப்படியானால் உச்சிப்பொழுதில் இவளை மடுவில் இறக்குங்கள்!" என்றுவிட்டான் ராஜா. யோசிக்கிற வழக்கம்தான் அந்த வம்சத்திலேயே கிடையாதே!

சடைச்சி தன் பறியைச் சபை நடுவில் வைத்தாள். "சாமி, இதுக்குள்ள ஒரு கெண்டை உயிருக்குத் துடிக்குது. யாராவது எடுத்துத் தண்ணியில விட்டா நிம்மதியா போய்ச் சேருவேன்."

சேனாதிபதி வாய் வழியே கையை விட்டார். குச்சி கவ்விக்கொண்டது. "அம்மா!" என்று கத்தினார். அவர் கையை எப்படியோ உருவியதும், ராஜா சிரித்துக்கொண்டே தன் கையை விட்டான். அவனுக்கும் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

நேரம் போகிறதே என்று வேம்பரசருக்குப் பொறுக்கவில்லை. "இதுகூடத் தெரியாதா!" என்று பறியைப் புரட்டினார். பின்னலுக்குள் செருகியிருந்த வால் முடிச்சைத் தடவிப் பிடித்து இழுத்தார். மீன் பொத்தென்று விழுந்தது.

"ஐயா," என்றாள் சடைச்சி, "மடுவுல இருந்து வர்ற ஆவி வாய் வழியாத்தானே வரணும்? ஆனா என் பறியோட வாலை யாரோ அவிழ்த்துக் கட்டியிருக்காங்க, அது நான் போட்ட முடிச்சே இல்லை. வாலு எங்கேன்னு இந்தச் சபையில உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

ராஜாவுக்கு இப்போதுதான் உறைத்தது. "என் தம்பி விரலோடு போன மோதிரம் உம்மிடம் எப்படி வந்தது?"

வேம்பரசர் ராஜாவின் காலில் விழுந்தார். "இளவரசர்தான் எப்பவும் உங்க பக்கத்துல உட்காருவார், எனக்குப் பொறுக்கல... மோதிரத்தைக் கழற்றிக்கிட்டு, கல்லைக் கட்டி மடுவுல தள்ளிட்டேன்."

அவரைச் சங்கிலியில் இழுத்துப்போனார்கள். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் முத்துமாலையைக் கழற்றிச் சடைச்சியிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"மாலை வேணாம் சாமி. அந்த மடுவுல இனிமே தூண்டில் போடாதீங்க."

"ஏன்?"

"விரால் மாமிசம் தின்கிற மீன். இந்த ரெண்டு வருஷமா அந்த மடுவு விராலைத்தானே சாப்பிட்டீங்க?"

ராஜா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினான்.