மெத்தை வேண்டாம் என்ற முயல்

ஏரிக்கரைக் காட்டில் ஒரு முயலுக்குக் குட்டி பிறந்தது. முயல் புதரடியில் தரையைச் சமமாக்கியது. கல்லையும் முள்ளையும் பொறுக்கி எறிந்தது. குட்டியை அங்கே மல்லாக்கப் படுக்க வைத்தது. பக்கத்தில் ஒரு சருகுகூட இல்லை.

குட்டியைப் பார்க்கச் செம்மறியாடு வந்தது. காட்டில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் தன் ரோமத்தில் மெத்தை செய்து கொண்டுவருவது அதன் வழக்கம். கூடவே மயிலும் இறகுத் தலையணையோடு வந்தது.

"அடிப்பாவி! பச்சைக் குழந்தையைக் கட்டாந்தரையில போட்டிருக்கியே!" என்றது செம்மறியாடு.

"தரையே போதும் அக்கா. மெத்தை வேண்டாம்" என்றது முயல்.

"மல்லாக்க வேற! பால் கக்கினா புரையேறாதா? குப்புறப் போடுடி. அசையாமத் தூங்குவான்!"

"நேத்து கக்கினான். தலையைத் திருப்பித் துப்பிட்டான். குப்புறப் போட்டா இந்தப் பிஞ்சுத் தலையை அவனால தூக்க முடியுமா?"

மயில் குறுக்கிட்டது. "தலையணை வைக்கலைன்னா தலை எப்படி உருண்டையா வரும்?"

"உருண்டைத் தலை முயலை எந்த ஊர்ல பார்த்தீங்க? உங்க தலை நெல்லிக்காய் அளவுதான் இருக்கு. நான் ஏதாவது சொன்னேனா?"

மயில் வெடுக்கென்று கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

முயல் வீம்புக்குப் பேசவில்லை. போன மழைக்காலத்தில் அதற்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. இதே செம்மறியாடு தந்த மெத்தையில் அதைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். ரோமத்துக்குள் மூக்குப் புதைந்தது. குட்டி விழிக்கவே இல்லை. 'விதி' என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்து போனார்கள். முயல் மட்டும் மெத்தையைப் பார்த்தது. அதில் ஒரு சின்ன முகம் அழுந்திய பள்ளம் இருந்தது.

"போனவனும் இதுலதான் போனான் அக்கா" என்றது முயல்.

"என் மேல பழி போடாதே! ஆசையாக் கொண்டுவந்தா அவமானப்படுத்தறியா?" என்று கத்திவிட்டுச் செம்மறியாடு வெளியே போனது. மயிலும் பின்னாலேயே போனது.

முயலுக்குத் தாகம். மேலே மரத்தில் குடியிருந்த அணிலைக் கூப்பிட்டது.

"தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன். யார் எதைக் கொண்டுவந்தாலும் உள்ளே விடாதே!"

"சரி மதினி!" என்றது அணில்.

முயலின் தலை மறைந்ததும் செம்மறியாடு மயிலோடு திரும்பி வந்தது.

"தள்ளு. அவளுக்கு என்ன தெரியும்?"

"மதினி திட்டும் அக்கா..."

"ஓ! உன் பிள்ளை பிறந்தப்போ நான் செஞ்சதெல்லாம் மறந்துபோச்சா? என் மெத்தை இப்போ குப்பையா?"

அணில் ஒதுங்கி நின்றது.

செம்மறியாடு மெத்தையை விரித்தது. குட்டியைக் குப்புறப் போட்டது. மயில் தலையணையைச் செருகியது. மேலே ரோமப் போர்வை வேறு. குட்டி முனகியது. கொஞ்ச நேரத்தில் முனகலும் நின்றது.

"பார்த்தியா! சத்தமே இல்லை. என்ன சுகமாத் தூங்கறான்!" என்றது செம்மறியாடு.

திரும்பி வந்துகொண்டிருந்த முயலின் காதில் அது விழுந்தது. ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்தது. போர்வை ஒரு பக்கம் பறந்தது, தலையணை ஒரு பக்கம் பறந்தது. குட்டியைப் புரட்டியது. உதடு நீலம். மூச்சு இல்லை. முயல் மூக்கை நக்கியது, உடம்பைப் பரபரவென்று தேய்த்தது. இன்னும் தேய்த்தது.

குட்டி விக்கியது. காற்றை இழுத்தது. வீரிட்டு அழுதது.

"ஐயோ, தூங்கினவனை எழுப்பிட்டியே!" என்றது மயில்.

"எழுப்பினேனா? செத்துக்கிட்டிருந்தான்! அவன் சாகறதை உட்கார்ந்து ரசிச்சீங்க!"

அணில் முன்னால் வந்தது. "அவங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"அவங்க மனசு நாலு நாள்ல ஆறிடும். இவன் மூச்சு நின்னிருந்தா நீ திருப்பிக் கொடுப்பியா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று செம்மறியாடு முணுமுணுத்தது.

"போன தடவை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால பேசாம இருந்தேன். இன்னைக்குச் சொன்னேன். வாய் வலிக்கச் சொன்னேன்! கேட்டும் செஞ்சீங்க. எடுங்க இதையெல்லாம்! அவனைப் பார்க்க ஆசைன்னா வெறுங்கையோட வாங்க!"

செம்மறியாடு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போனது. 'அவளுக்குத் திமிர்' என்று ஏரிக்கரை முழுக்கச் சொல்லித் திரிந்தது. முயல் சமாதானம் பேசப் போகவில்லை. வெறும் தரையில், மல்லாக்க, குட்டியின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

பச்சைக் குழந்தையை எப்போதும் மல்லாக்க, கெட்டியான சமமான இடத்தில், மெத்தையும் தலையணையும் இல்லாமல் தூங்க வையுங்கள்; யார் முகம் கோணினாலும் சரி, குழந்தையின் மூச்சைவிட எவருடைய மனவருத்தமும் பெரிதல்ல.